வேலை இழந்த விமானியும் 18 இலட்சம் ரூபாய்ப் பயிற்சியும்



சென்ற மாதம் ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்தபின், முன்னர் நம்மிடம் மக்தபில் ஓதிய மாணவர் ஒருவர் தம் வாப்பாவுடன் மதரஸாவிற்கு வந்தார். மாணவர் இப்போது விமானி. வாப்பாவின் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அதற்குள் வீட்டுப் பத்திரத்தின் நகலும், ஒரு பயிற்சி நிறுவனத்தின் கட்டண விவரத் தாளும், வங்கியின் கடன் விண்ணப்பமும் இருந்தன. "ஹஜ்ரத், நாளை மறுநாள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். ஒரு துஆ செய்யுங்கள்" என்றார் வாப்பா. துஆவிற்கு முன் மஷ்வரா உண்டல்லவா என்று நாம் கேட்டோம். அன்றிரவு பேசியதையும், அதன்பின் அத்துறையில் பணிபுரியும் நம் ஊர்ப் பிள்ளைகள் சிலரிடம் விசாரித்து அறிந்ததையும் இங்கே எழுதுகிறோம். நம் சமுதாயத்தில் இப்போது விமானி ஆவதற்குப் படிக்கும் பிள்ளைகள் பெருகி வருகின்றனர். இதே உறையுடன் வேறு வாப்பாமார்களும் ஏதோ ஒரு வாசலில் நின்றுகொண்டிருக்கக்கூடும்.

மாணவரின் நிலை இதுதான். ஒரு சிறு விமான நிறுவனத்தில் ஏடிஆர் 72 வகை விமானத்தில் துணை விமானியாக இருந்தார். ஆயிரத்து நூறு மணி நேரம் அவ்வகையில் பறந்திருக்கிறார். நிறுவனம் விமானங்களைக் குறைத்தது. இவரையும் இவருடன் சேர்ந்த சிலரையும் வேலையிலிருந்து நீக்கியது. எட்டு மாதங்கள் ஆகிவிட்டன. ஊரில் யாரும் கேட்டால் "விடுப்பில் வந்திருக்கிறான்" என்று வாப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். எட்டு மாத விடுப்பை யார் நம்புவர்? நிக்காஹ் பேச்சு ஒன்று பாதியில் நிற்கிறது. உம்மா பெண் வீட்டாரின் தொலைபேசியை எடுப்பதே இல்லையாம்.

இந்நிலையில்தான் ஒரு தரகர் வந்து சேர்ந்தார். ஏர்பஸ் ஏ320 வகைக்கான 'டைப் ரேட்டிங்' பெற்றுவிட்டால் மூன்று மாதத்தில் வேலை உறுதி என்றும், கட்டணம் 18 இலட்சம் என்றும் சொன்னார். இன்னொருவர் போயிங் 737 எடுக்கச் சொன்னார். அதில் போட்டி குறைவாம். இரண்டில் எதை எடுப்பது என்பதே வீட்டில் இரவு பகலாக விவாதம். எடுக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியை வீட்டில் ஒருவரும் எழுப்பவில்லை.

இத்துறை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்குவோம். நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்து தேர்வுகளில் தேறியவர் வணிக விமானி உரிமம் பெறுகிறார். ஆனால் அந்த உரிமத்தைக் கொண்டு ஏ320 போன்ற பெரிய விமானத்தை ஓட்டிவிட முடியாது. ஒவ்வொரு வகை விமானத்திற்கும் தனியே பயிற்சி பெற்று, தனியே தேர்வு கொடுத்து, அந்த வகையை உரிமத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். இதுவே டைப் ரேட்டிங். வகுப்பறைப் பாடம், பின்னர் சிமுலேட்டர் எனப்படும் பாவனை விமானத்தில் பயிற்சி, தேர்வு, அதன்பின் உண்மையான விமானத்தில் சில முறை ஏறி இறங்குதல் என்று இது ஏறத்தாழ இரண்டு மாத வேலை. ஏ319, ஏ320, ஏ321 ஆகிய மூன்றும் ஒரே பதிவில் அடங்கும். போயிங் 737 வேறு. ஏடிஆர் வேறு. ஹனஃபி மத்ஹபின் பாடநூலை ஓதி முடித்தவரை ஷாஃபிஈ மத்ஹபில் ஃபத்வா கொடுக்க அமர்த்த முடியாதல்லவா, அதுபோல என்று மாணவரிடம் சொன்னோம். சிரித்தார். அன்றிரவு அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

தரகர் சொன்னதில் உண்மையே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். இந்திய வானத்தில் ஏ320 குடும்பத்தின் ஆதிக்கம் வெளிப்படையானது. 2023 ஜூன் மாதம் இண்டிகோ நிறுவனம் அக்குடும்பத்தில் ஒரே தடவையில் 500 விமானங்களுக்கு ஆணை கொடுத்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஏர் இந்தியா அறிவித்த 470 விமானங்களில் 210 ஏ320 குடும்பத்தைச் சேர்ந்தவை. வளைகுடாவைப் பார்த்தாலும் ஏர் அரேபியா, ஜசீரா, சலாம் ஏர், ஃப்ளைநாஸ், ஃப்ளைஅடீல் எல்லாம் ஏ320 இயக்குகின்றன. ஏ320 ஓட்டியவர் பின்னாளில் ஏ330, ஏ350 போன்ற பெரிய ஏர்பஸ் விமானங்களுக்கு மாறும்போது பயிற்சிக் காலமும் குறைகிறது. விமானி அறைகளை ஒன்றுபோல் அமைத்திருப்பதே காரணம். ஆகவே 'எந்த வகை' என்ற கேள்விக்கு மட்டும் விடை கேட்டால், இந்தியாவில் வேலை தேடும் ஒருவருக்கு ஏ320 என்றே நாமும் சொல்வோம்.

போயிங் 737 பற்றியும் சொல்லிவிடுவோம். ஆகாசா ஏர் முழுவதும் 737 மேக்ஸ் விமானங்களைக் கொண்டே 2022 ஆகஸ்டில் தொடங்கியது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஸ்பைஸ்ஜெட், துபாயின் ஃப்ளைதுபாய் ஆகியவற்றிலும் 737 உண்டு. ஆனால் ஒரே வகையை நம்பி நிற்பவருக்கு 2019ஆம் ஆண்டு ஒரு பாடம் கற்பித்தது. 346 உயிர்களைப் பறித்த இரு விபத்துகளுக்குப் பின் அவ்வாண்டு மார்ச்சில் 737 மேக்ஸ் உலகெங்கும் தரையிறக்கப்பட்டது. இந்தியாவில் மீண்டும் பறக்க அனுமதி கிடைத்தது 2021 ஆகஸ்டில்தான். அதே 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸ் தன் கடைசி விமானத்தை இயக்கி நின்றுபோனது. அதன் விமானங்களில் பெரும்பாலானவை 737. ஒரே நாளில் அத்தனை 737 விமானிகள் ஒரே சந்தையில் வேலை தேடி நின்றனர். ஓராண்டு கழியுமுன் கொரோனாவும் வந்தது. இதற்கு மாறாக 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றபோது அதன் ஏ320 விமானிகள் பலரைப் பிற நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. அவர்கள் கையில் ஏ320 ரேட்டிங் இருந்தது மட்டும் காரணமன்று. அந்த வகையில் பறந்த அனுபவமும் இருந்தது; அதே வேளையில் வாங்குவோரும் இருந்தனர்.

நாம் இக்கட்டுரையை எழுதுவதே இந்த வேறுபாட்டிற்காகத்தான். ரேட்டிங் என்பது ஒன்று, அவ்வகையில் பறந்த மணி நேரம் என்பது மற்றொன்று. சிமுலேட்டரில் தேறி வந்தவர், ஒரு நிறுவனத்தில் சேர்ந்து, பயிற்சித் தலைமை விமானியின் மேற்பார்வையில் பயணிகளுடன் பல பயணங்கள் பறந்து, தேர்வு முடித்து விடுவிக்கப்பட்ட பின்னரே முழுமையான துணை விமானி ஆகிறார். அந்தப் பகுதியை எந்தப் பயிற்சி நிறுவனத்தாலும் விற்க முடியாது. அது விமானம் வைத்திருப்பவரிடம் மட்டுமே உள்ளது. தம் பணத்தில் ஏ320 ரேட்டிங் வாங்கிக்கொண்டு, ஒரு மணி நேரமும் அவ்வகையில் பயணிகளுடன் பறக்காமல் காத்திருக்கும் இளைஞர்களின் வரிசை நம் நாட்டில் நீளமானது. நம் மாணவர் 18 இலட்சம் கொடுத்து அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கவிருந்தார்.

தரகர் தம் செல்பேசியில் ஒரு செய்தியைக் காட்டினாராம். விமானிகளின் ஓய்வு நேர விதிகள் கடுமையானதைத் தொடர்ந்து 2025 டிசம்பரில் போதிய விமானிகளின்றி இண்டிகோவின் ஆயிரக்கணக்கான பயணங்கள் இரத்தான செய்தி அது. "பாருங்கள், ஆள் இல்லை" என்றாராம். செய்தி உண்மை. ஆனால் அன்று தேவைப்பட்டவர்கள் நாளைக் காலையே இருக்கையில் அமர்ந்து பறக்கக்கூடியவர்கள்; அதிலும் தலைமை விமானிகள். புதிதாக ரேட்டிங் பெற்று வந்த துணை விமானி அவர்களுக்கு முதலில் ஒரு பயிற்சிச் செலவு, பிறகுதான் விமானி. பற்றாக்குறை பற்றிய செய்தியைக் காட்டிப் பயிற்சியை விற்பவர் இந்த இடைவெளியைச் சொல்வதில்லை. அவருக்கு மாணவர் வேலை பெறுவதில் கிடைக்கும் இலாபம் ஒன்றுமில்லை. மாணவர் பணம் கட்டுவதில்தான் உண்டு. வணிகத்தில் சரக்கின் குறையை மறைக்கலாகாது என்று நாம் பாடம் நடத்துகிறோம். இங்கே சரக்கில் குறை இல்லை. சரக்கு எதற்கு உதவும் என்பதைத்தான் மறைக்கிறார்கள்.

"கொஞ்சம் ரிஸ்க் எடுத்தால்தானே ஹஜ்ரத்" என்றார் மாணவர் ஒரு கட்டத்தில். அல்லாஹ் தரும் ரிஸ்க்கைச் சொல்கிறாரோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டோம். அவர் சொன்னது ஆங்கில ரிஸ்க். எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. வாப்பாவின் வீட்டை வைத்து மகன் எடுக்கும் ரிஸ்க் யாருடையது என்று நாம் கேட்டோம். அந்த வீட்டில் இன்னும் இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கின்றனர்.

வங்கிக் கடன் என்றால் வட்டி. அதைப் பற்றி நாம் சுற்றி வளைக்க விரும்பவில்லை. சிலர் இதை நிர்ப்பந்தம் என்று கூறி வழி தேடுகின்றனர்; மாணவரும் மெல்லக் கேட்டுப் பார்த்தார். நிர்ப்பந்தம் என்பது வேறு வாசல் எல்லாம் அடைபட்ட நிலை. பட்டினியால் சாகக் கிடப்பவரின் சட்டத்தை, இரண்டாவது ரேட்டிங் வாங்க எண்ணுபவருக்குப் பொருத்த நமக்குத் துணிவில்லை. அதிலும் இவருக்கு வாசல் அடைபடவே இல்லை என்பது பேசப் பேசத்தான் வெளிப்பட்டது.

"உன்னிடம் உள்ள ஆயிரத்து நூறு மணி நேரம் என்ன ஆயிற்று தம்பி?" என்று கேட்டோம். "அது ஏடிஆர்தானே ஹஜ்ரத்" என்றார். அந்தத் 'தானே' நம்மை உறுத்தியது. காற்றாடி வைத்த சிறு விமானம் என்று நண்பர்கள் கேலி செய்வார்களாம். நாம் அறிந்தவரை அந்தக் காற்றாடி விமானத்திலும் இரு விமானிகள் சேர்ந்து, அட்டவணைப்படி, பயணிகளை ஏற்றிக்கொண்டு, மழையிலும் மூடுபனியிலும் இறங்குகின்றனர். அவருடைய ஆயிரத்து நூறு மணி நேரம் அத்தகையது. 200 மணி நேரத்துடன் வந்து ஏ320 ரேட்டிங் வாங்கியவரிடம் இது இல்லை. இந்தியாவில் இண்டிகோ, அலையன்ஸ் ஏர், 2024இல் பறக்கத் தொடங்கிய ஃப்ளை91 ஆகியவை ஏடிஆர் 72 இயக்குகின்றன. அயலில் மாலத்தீவின் மால்டிவியன், மலேசியாவின் ஃபயர்ஃபிளை போன்றவையும் அவ்வகை வைத்திருக்கின்றன; ஆயினும் அந்நாடுகளின் உரிமமும் வேலை அனுமதியும் பெறுவது தனிப் பாடு. ஏடிஆரும் ஏ320உம் ஒரே நிறுவனத்தில் இருந்தால், அதில் ஏடிஆர் விமானியாகச் சேர்ந்தவர் உள்ளேயே பின்னர் ஏ320க்கு மாறவும் வழி உண்டு. அப்போது ரேட்டிங் முடிந்தவுடன் பறக்க விமானமும் காத்திருக்கும்.

இவற்றில் எத்தனை நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தாய் என்றோம். ஒன்றே ஒன்று. அதுவும் ஐந்து மாதங்களுக்கு முன். பதில் வரவில்லை என்று விட்டுவிட்டார்.

இதைக் கண்டிப்பதற்கு நமக்கு மனம் வரவில்லை. வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கு மறுபடியும் கதவைத் தட்டுவது அத்தனை எளிதன்று. புதிய பயிற்சி ஒன்றில் சேர்வது, ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்ற ஆறுதலைத் தருகிறது. ஊரிலும் "பயிற்சிக்குப் போயிருக்கிறான்" என்று சொல்ல ஒரு வாக்கியம் கிடைக்கிறது. வாப்பாவும் அந்த வாக்கியத்திற்காகத்தான் பத்திரத்தை எடுத்து வந்திருந்தார் என்று நமக்குத் தோன்றிற்று. 18 இலட்சத்திற்கு ஒரு வாக்கியம் அதிக விலை.

நாம் அவருக்குச் சொன்னவை இவை. உடல்தகுதிச் சான்று காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது போனால் எந்த ரேட்டிங்கும் பயனற்றது. 90 நாட்களுக்குள் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்ற விதியைக் கடந்து, பறக்காமல் எட்டு மாதங்கள் ஆகிவிட்டதால், ஏடிஆருக்கான மறுபயிற்சியும் தேர்வும் தேவைப்படும். வேலைக்கு எடுக்கும் நிறுவனமே அதைச் செய்து கொடுப்பதும் உண்டு. சொந்தச் செலவில் செய்ய நேர்ந்தாலும் புதிய ரேட்டிங்கின் விலைக்கு அருகில் வராது. பணம் செலவழிக்கத்தான் வேண்டுமென்றால் முதல் ரூபாய் அங்கே போகட்டும். நேர்முகத் தேர்வில் கேட்கப்படும் தொழில்நுட்பப் பாடங்களை மீண்டும் எடுத்து ஓத வேண்டும். எட்டு மாதத்தில் திறக்காத கிதாபு ஆலிமையும் கைவிடும். விமானப் பயிற்சிப் பள்ளிகளில் பாடம் நடத்தும் ஆசிரியர் வேலைக்கு முயலலாம். சம்பளம் குறைவுதான், ஆனால் பாடம் மறக்காது, வீட்டில் அரிசி வரும், கேட்பவரிடம் பொய் சொல்ல வேண்டியிராது.

ஏ320 வேண்டவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஒரு விமான நிறுவனம் தன் தேர்வில் இவரைத் தேர்ந்தெடுத்து, இந்த ரேட்டிங் முடித்து வந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று எழுத்தில் கொடுத்தால் கணக்கு மாறுகிறது. அப்போதும் அந்தத் தாளை நிதானமாகப் படிக்க வேண்டும். பயிற்சி நிறுவனம் நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஒப்புதல் பெற்றதா? உண்மையான விமானத்தில் ஏறி இறங்கும் பயிற்சி அந்த 18 இலட்சத்திற்குள் அடங்குமா, அதற்குத் தனியே கேட்பார்களா? தேர்வில் தவறினால் கூடுதல் சிமுலேட்டர் நேரத்திற்கு என்ன கட்டணம்? பணத்தை ஒரே தவணையில் கட்டச் சொல்கிறார்களா? இந்த நான்கில் ஒன்றுக்கும் அந்தக் கட்டணத் தாளில் விடை இல்லை. நிறுவனமே செலவை ஏற்று, இத்தனை ஆண்டு பணிபுரிய வேண்டுமென்று ஒப்பந்தம் எழுதிக்கொள்வதும் உண்டு. சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் ஒப்பந்தமானால், அந்தத் தொகையில் வட்டி சேர்க்கப்பட்டுள்ளதா என்று கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. பணம் கொடுத்துப் பயணிகள் விமானத்தில் மணி நேரம் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடுகளும் சில நாடுகளில் இருப்பதாக அறிந்தோம். உழைப்பவரே முதலாளிக்குக் கூலி கொடுக்கும் அந்த முறையைப் பற்றி நாகரிகமாக எழுத நமக்குச் சொற்கள் கிடைக்கவில்லை.

விமானத்தில் மது பரிமாறுகிறார்களே, விமானியின் சம்பளம் ஆகுமா என்று உடன் வந்திருந்த மாமா ஒருவர் இடையில் கேட்டார். மூத்த உலமாக்கள் அதுபற்றிப் பேசியிருக்கின்றனர். இன்னொரு நாள் எழுதுவோம், இன்ஷா அல்லாஹ். வட்டிக் கடன் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டதுதான் நமக்கு வியப்பாக இருந்தது.

சிலர் நம்மை மறுக்கக்கூடும். காத்திருக்கக் காத்திருக்க விமானியின் மதிப்புக் குறைகிறது, வயது ஏறுகிறது, வேலை வாய்ப்பு பெருகும் இந்த வேளையில் துணிந்தவர் முந்திக்கொள்வார் என்பார்கள். அதில் நியாயம் உண்டு. சொந்தச் சேமிப்பு உள்ளவர், அது போனாலும் குடும்பம் தெருவிற்கு வராது என்ற நிலையில் உள்ளவர், ஏ320 ரேட்டிங் எடுத்துக் காத்திருப்பதை நாம் குறை சொல்ல மாட்டோம். அவருக்கு அது ஒரு வியாபாரக் கணக்கு. நம் மாணவரின் குடும்பம் அந்த நிலையில் இல்லை. ஒரே பயிற்சி, இரு வீடுகளுக்கு இருவேறு தீர்ப்பு.

இறுதியாக ஜமாஅத்தாரிடம் ஒரு வார்த்தை. கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு நம் பைத்துல்மால் உதவுகிறது, அல்ஹம்துலில்லாஹ். படித்து முடித்து வேலையும் பார்த்து, அதை இழந்து நிற்பவருக்கு நம்மிடம் ஏற்பாடு ஏதும் இல்லை. 'பைலட்டுக்கு எதற்கு உதவி' என்று கேட்பவர்களும் உண்டு. ஏடிஆர் மறுபயிற்சிக்கு வட்டியில்லாக் கடனாக ஒரு தொகை கொடுத்தால், வேலை கிடைத்தபின் திருப்பித் தருவதாக மாணவர் எழுதித் தரத் தயாராக இருக்கிறார். வாப்பாவும் சாட்சிக் கையெழுத்திட ஒப்புக்கொண்டார். முன்பணம் கட்ட வேண்டிய நாள் கடந்துவிட்டது. பத்திரம் மீண்டும் பீரோவிற்குப் போய்விட்டது. இந்த மூன்று வாரங்களில் நான்கு நிறுவனங்களுக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறார்; ஒன்றிலிருந்து எழுத்துத் தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை ஜுமுஆவிற்குப் பின் பைத்துல்மால் கூட்டம் நடைபெறுகிறது. இந்தக் கோரிக்கையை நாமே அங்கு முன்வைக்கவிருக்கிறோம். உறுப்பினர்கள் தவறாமல் வந்து தங்கள் கருத்தைச் சொல்லுமாறு வேண்டுகிறோம்.